பீங்கானின் அடியெழுத்து

சீனப் பீங்கானின் அடியிற் காணும் அரசர் பெயரைக் கொண்டு அதன் காலத்தைத் துணிவோர் எளிதில் ஏமாறுவர். காங்சி மன்னர் (1662–1722) காலத்துக் குயவர், மிங் மரபினரான செங்குவாவின் (1465–1487) பெயரைப் பல கலங்களில் எழுதினர். அது வஞ்சனையன்று, பெரும்பாலும் முன்னோர் தொழிற்றிறத்தைப் போற்றியதேயாம். ஆகவே, எழுத்தை விடுத்து எழுதிய நீலத்தையே ஆராய வேண்டியுளது.

அந்நீலம் கோபால்ற்றினாலாயது. 14ஆம் நூற்றாண்டில் மேற்காசியாவிலிருந்து தருவித்த கோபால்ற்றில் இரும்பு மிகுதி, மங்கனீசு குறைவு. பிற்காலத்திற் பெரிதும் பயன்பட்ட சீனக் கோபால்ற்றிலோ மங்கனீசு மிகுதி. கலத்திற் கீறலும் படாது, ஊடுகதிர் கொண்டு இவ்வேறுபாட்டை அளந்தறியலாம். ஒப்புநோக்குதற்கு ஆண்டு பொறித்த கலங்களே உரைகல். 1351ஆம் ஆண்டு குறித்த, பேர்சிவல் டேவிட் சேகரிப்பின் இரு சாடிகள் அவற்றுட் தலையாயன. இன்று அவை பிரித்தானிய நூதனசாலையிலுள்ளன.

மண் இறுதியாகச் சூளையில் வெந்த காலத்தை வெப்பவொளிர்வு முறை காட்டும். ஆயின், அதற்குக் கலத்தைச் சிறிது துளைத்தல் வேண்டும். உடையவர் மனம் எளிதில் இசையாது. போலி செய்வாரும் வாளாவிருந்தாரல்லர். பழங்கலத்தின் உடைந்த அடியைப் புதிய உடலோடு பொருத்திவிடுகின்றனர். அடியில் மட்டும் துளையிடின் கருவி உண்மையே கூறும், வாங்கியவரோ ஏமாறுவர். தோட்பகுதியிலும் ஒரு துளையிட வேண்டுமென அறிந்தோர் வற்புறுத்துவது இதனாலேயாம்.