நெரிசலுக்கு முன்னே ஒரு குறி



மாலை ஐந்து மணிக்கு ரூட் 18-இல் வண்டி ஓட்டியவர்களுக்கு நெரிசல் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணினி வலைகளிலும் நெரிசல் உண்டு. அதைக் குறைக்கப் பல ஆண்டுகள் உழைத்த ஒருவர் நம் நியூ ஜெர்சியில் நெடுங்காலம் பணியாற்றினார். பக்கத்து ஊரான நார்த் பிரன்ஸ்விக்கில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வின்லாப் ஆய்வகத்திலும் இருந்தார். அவர் பெயர் கே.கே. ராமகிருஷ்ணன். இம்மாத உரை அவருடைய ஆய்வுப் பயணத்தைப் பற்றியது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1978-இல் முதுநிலைப் பட்டம் பெற்றவர், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 1983-இல் கணினி அறிவியலில் முனைவரானார். பிறகு டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். அது கணினி உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக இருந்த காலம்.

1986 அக்டோபரில் இணையத்துக்கு ஒரு சோதனை வந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் சுமார் 400 கெஜம்தான். அந்த வழியில் நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. இணையத்தில் செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் போகிறது. வழியிலுள்ள ரூட்டரில் வரிசை நிரம்பி வழிந்தால், மேலும் வரும் பொட்டலங்கள் கீழே போடப்படும். பதில் வராத கணினி அதையே மறுபடி அனுப்பும். எல்லாரும் மறுபடி மறுபடி அனுப்பினால் நெரிசல் இன்னும் கூடும்; ஒருவருக்கும் காரியம் ஆகாது.

1988-இல் சிக்காம் என்னும் மாநாட்டில் இதற்கு இரண்டு வழிகள் வெளிவந்தன. ஒன்று வான் ஜேக்கப்சன் எழுதியது: பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறை. மற்றொன்று ராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும் எழுதியது: தொலையும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? வரிசை வளரத் தொடங்கும்போதே ரூட்டர் பொட்டலத்தின் மேல் ஒரே ஒரு பிட்டைக் குறியாக இடட்டும். பெறுபவர் அந்தக் குறியை அனுப்பியவருக்கே திருப்பிச் சொல்லட்டும். பாதிக்குக் குறையாத பொட்டலங்களில் குறி இருந்தால், அனுப்புபவர் தன் அளவை எட்டில் ஏழு பங்காகக் குறைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்.

அவசரத்துக்கு முதல் வழியே உதவியது. அதற்கு அனுப்பும் கணினியில் மென்பொருளை மாற்றினால் போதும். குறியிடும் வழிக்கோ அனுப்புபவர், ரூட்டர், பெறுபவர் மூவரும் மாற வேண்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

ராமகிருஷ்ணன் 1994-இல் மர்ரே ஹில்லில் இருந்த ஏ.டி.&டி. பெல் ஆய்வகத்துக்கு வந்தார். 1996-இல் நிறுவனம் பிரிந்தபோது ஏ.டி.&டி. ஆய்வகத்தில் தொடர்ந்தார். சாலி ஃபிளாய்ட் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, தம் பழைய கருத்தை இணையத்துக்கு ஏற்றபடி 1999-இல் சோதனை முறையாக வகுத்துக் கொடுத்தார். டேவிட் பிளாக்கும் சேர, 2001 செப்டம்பரில் அது இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. அதன் எண் 3168.

அத்துடன் தேர் நிலைக்கு வந்துவிடவில்லை. அந்தக் குறியை அறியாத பல பழைய தடுப்புக் கருவிகள், குறியோடு வந்த இணைப்பை விஷமம் என்று நினைத்துத் துண்டித்தன. நல்ல வழியைக் கையாண்டவருக்குத்தான் சில தளங்கள் திறக்கவில்லை! இது தவறு என்று விளக்கவே 2002-இல் ஃபிளாய்ட் தனியாக ஓர் ஆவணம் எழுத வேண்டியிருந்தது.

இதற்கிடையில் ஜெஃப்ரி மோகலுடன் ராமகிருஷ்ணன் வேறொரு நெரிசலையும் ஆராய்ந்தார். ஒவ்வொரு பொட்டலமும் வந்தவுடன் கணினியின் கதவைத் தட்டுகிறது. தட்டல் மிகுந்தால், கதவைத் திறப்பதிலேயே பொழுது போய் உள்ளே ஒரு வேலையும் நடக்காது. கூட்டம் மிகும்போது தட்டலை நிறுத்திவிட்டு, கணினியே முறைவைத்து எட்டிப் பார்க்கட்டும் என்பது 1996-இல் அவர்கள் சொன்ன தீர்வு. லினக்ஸும் பின்னர் இதே வழிக்கு வந்தது.

அந்த ஒற்றைப் பிட் என்ன ஆயிற்று? பெரிய தரவு மையங்களில் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கியபோது அதன் அருமை தெரிந்தது. அங்கே அனுப்புபவரும் ரூட்டரும் பெறுபவரும் ஒரே நிர்வாகத்தில் இருப்பவர்கள். மூவரையும் ஒரே நாளில் மாற்றலாம். 2010-இல் வெளிவந்த தரவு மைய முறை ஒன்று இந்தக் குறியையே அடிப்படையாகக் கொண்டது. 2023 ஜனவரியில், காணொளிப் பேச்சு தடங்காமல் இருக்கப் பொது இணையத்துக்கு வகுத்த புதிய முறைக்கும் இந்தக் குறியே ஆதாரம். 2025-இல் காம்காஸ்ட் சில நகரங்களில் அதை வீடுகளுக்குக் கொண்டுவரத் தொடங்கியது. 1988-இலிருந்து எண்ணிப் பாருங்கள்.

டிஜிட்டல் எக்விப்மென்ட் 1998-இல் விற்கப்பட்டது. இன்று அந்தப் பெயர் இல்லை. கம்பெனி போயிற்று, கருத்து நின்றது. பெட்டியில் பூட்டி வைக்காமல் மாநாட்டில் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டதால்தான் அது பிழைத்தது. ராமகிருஷ்ணன் ஏ.டி.&டி.க்குப் பின் ரட்கர்ஸில் பணியாற்றி, பிறகு ரிவர்சைடிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

நம் ஊர்ப் பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அஞ்சாறு வருஷம் பி.எச்.டி. பண்ணி என்ன சார் கிடைக்கும்? பேசாம வேலைக்குப் போகலாமே." நியாயமான கேள்விதான். சம்பளக் கணக்கில் அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நீங்கள் ஊரிலிருக்கும் அம்மாவின் முகத்தைத் திரையில் பார்த்துப் பேசுகிறீர்களே, அந்தப் பேச்சு தடங்காமல் வருவதற்குப் பின்னால், முப்பது வருஷம் கழித்துப் பலன் தந்தாலும் சரி என்று ஒரு பிட்டைப் பற்றி யோசித்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தப் பொறுமை இருந்தால், தடுக்காதீர்கள்.