கடல் மிளகு: ஒரு சீனத்து மீயும் நான் போட்ட சிவப்புக் கோடும்

 

சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ‘நமது உணவு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதியிருந்தான். அதில், மிளகாய் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று ஒரு வாக்கியம். நான் அதனைச் சிவப்பு மையால் கோடிட்டு அடித்து, ‘தவறு. பழங்காலந்தொட்டு நம் முன்னோர் பயன்படுத்தியது’ என்று எழுதி, மதிப்பெண்ணையும் குறைத்தேன்.

“அப்பாதான் சொன்னாங்க டீச்சர்” என்றான்.

“அப்படியானால் அப்பாவும் என் வகுப்பில் வந்து உட்காரட்டும்” என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் தலைகுனிந்து அமர்ந்தான். அவன் தந்தை லோரி ஓட்டுநர். அதனால்தான் அவர் சொல்லை அவ்வளவு எளிதாக ஒதுக்கினேனோ என்று எண்ணுந்தோறும் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

என் பிழையை எனக்கு உணர்த்தியது நூலகமன்று. ஒரு சீனத்துச் சமையலறை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு பயின்ற சீனத் தோழி ஒருவர் இப்போது சீனப்பள்ளியில் ஆசிரியை. பள்ளி விடுமுறையில் என்னை வீட்டுக்கு அழைத்து, ‘டான் டான் மியான்’ சமைக்கக் கற்றுத் தந்தார். சீனாவின் சிச்சுவான் மாநிலத்து உணவு அது. ‘டான்’ என்பது தோளில் சுமக்கும் தண்டு; ‘மியான்’ என்பது நாம் மீ என்று வழங்குவது. அக்காலத்து வணிகர், தண்டின் ஒரு முனையில் அடுப்பும் பானையும், மறுமுனையில் கிண்ணங்களும் சுவைப்பொருள்களுமாகத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றனர். தமிழிலும் காவுதல் என்றால் தோளில் சுமத்தல். இருமுனையிலும் சுமை தொங்கும் தண்டே காவடி. அவ்வகையில் இதனைக் ‘காவடி மீ’ என்றே தமிழாக்கலாம்!

இவ்வுணவு 1841ஆம் ஆண்டில் சிகோங் நகரத் தெருவணிகர் ஒருவரிடம் தோன்றியது என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. சிகோங் உப்புக் கிணறுகளால் புகழ்பெற்ற ஊர். அங்குள்ள சென்ஹாய்க் கிணறு 1835இல் 1,001 மீட்டர் ஆழத்தை எட்டியது. உப்புக் காய்ச்சும் தொழிலாளர் நிறைந்த ஊரில், நின்றபடியே உண்டு செல்லத்தக்க ஒரு சிறு கிண்ணம் மீ விலைபோனதில் வியப்பில்லை.

செய்முறை (நால்வருக்கு)

மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூளை (நொறுநொறுப்பானது) ஒரு கிண்ணத்தில் இடுக. அரைக் குவளை எண்ணெயைக் காய்ச்சி, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு அதன்மேல் ஊற்றுக. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தூள் கருகிக் கசக்கும். ஒரு தேக்கரண்டி சிச்சுவான் மிளகை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துக்கொள்க.

கொத்திய பன்றி இறைச்சி 200 கிராமை, நீர் வற்றி ஓரங்கள் பொன்னிறமாகும்வரை வதக்குக. நறுக்கிய பூண்டு நான்கு பல், சீனக் கடைகளில் கிடைக்கும் கடுகுக்கீரை ஊறுகாய் இரண்டு மேசைக்கரண்டி, சிறிது சோயா கிச்சாப் சேர்த்துக் கிளறி இறக்குக. எள் விழுது இரண்டு மேசைக்கரண்டி, சோயா கிச்சாப் இரண்டு, கறுப்புக் காடி ஒன்று, சீனி ஒரு தேக்கரண்டி, மிளகாய் எண்ணெய், மிளகுப்பொடி ஆகியவற்றைக் கலந்து நான்கு கிண்ணங்களின் அடியில் பங்கிடுக. வெந்த மீயை அதன்மேல் இட்டு, இறைச்சியைத் தூவி, உண்ணும்போது அடியிலிருந்து கிளறுக. பன்றி இறைச்சி உண்ணாதோர் கோழியைக் கொத்திச் சேர்க்கலாம்.

முதல் வாயிலேயே என் நா மரத்தது. சிச்சுவான் மிளகின் இயல்பு அதுவாம். பெயரில்தான் மிளகே தவிர, அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி; சிச்சுவான் மக்கள் மிகப் பழங்காலந்தொட்டு அறிந்தது.

“மிளகாயும் அப்படிப் பழையதுதானே?” என்று கேட்டேன்.

தோழி சிரித்தார். “சிச்சுவானில் மிளகாய்க்கு ‘ஹை ஜியாவ்’ என்றொரு பெயர் உண்டு. ஹை என்றால் கடல். கடல் கடந்து வந்த மிளகு” என்றார்.

எனக்குச் சுரீரென்றது. அன்றிரவே தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பசு அங்குக் கண்டது மிளகாயை; அதனையும் மிளகு என்றே கருதினார். சீனாவில் 1591ஆம் ஆண்டு நூலொன்றில் காவ் லியன் என்பவர் அதனைக் குறிக்கிறார். அங்கே அது காண்பதற்கு அழகிய செடி. சிச்சுவானின் தாயி வட்டத்துக் குறிப்பேட்டில் ‘கடல் மிளகு’ என்னும் பெயர் இடம்பெறுவது 1749இல்தான். அதாவது, காரத்திற்கே பெயர்பெற்ற சிச்சுவான் மிளகாயை அறிந்து முந்நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகியிருக்கலாம், அவ்வளவே.

நம் கதையும் வேறன்று. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தது 1498இல். அதன்பின் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வணிகத்தின் வழியே மிளகாய் இந்தியா வந்தது. சங்க இலக்கியத்தில் மிளகு உண்டு; ‘கறி’ என்பதே அதன் பழம்பெயர். மிளகாய் இல்லை. புதிதாக வந்த காய், மிளகைப்போல் காரமாக இருந்தது. மிளகு போன்ற காய் மிளகாய் ஆயிற்று. சீனர் தம் பழைய ‘ஜியாவ்’ என்னும் சொல்லை அதற்கு ஈந்தனர். நம் நாட்டு மலாய்க்காரர்களும் மிளகுக்குரிய ‘லாடா’ என்னும் சொல்லாலேயே பல இடங்களில் மிளகாயைக் குறிக்கின்றனர். மூன்று இனத்தாரும் ஒருவரையொருவர் கேளாமலே, வந்த விருந்தாளிக்குத் தம் வீட்டுப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

மிளகாய் என்னும் சொல்லை எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அதனைப் பிரித்துப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை. பழமை என்று சொன்னால் பெருமை என்று எண்ணிவிட்டேன். வந்ததை ஏற்றுத் தனதாக்கிக்கொண்டதும் பெருமைதான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளி திறந்த முதல் நாள், அம்மாணவனின் கட்டுரை ஏட்டை வாங்கி, வகுப்பினர் முன்னிலையில் என் சிவப்புக் கோட்டின் மேல் ‘சரி’ என்று எழுதினேன், மதிப்பெண்ணையும் திருத்தினேன். “உன் அப்பா சொன்னதே சரி. டீச்சர்தான் தவறு. அன்று சிரிக்க வைத்ததற்கும் மன்னித்துவிடு” என்றேன். வகுப்பில் இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அவன் ஏட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, “வீட்டுக்குக் கொண்டு போகலாமா டீச்சர்? அப்பாகிட்ட காட்டணும்” என்றான்.

பெற்றோர்களே, நீங்கள் அறிந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லத் தயங்காதீர்கள். ஆசிரிய நண்பர்களே, பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் செய்தியின் மேல் கோடு போடுமுன், ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவோம்.