சபை ஏறிய அரபுப் பெண்கள்

மலருக்கு இந்தத் தடவை அரபு நாட்டுப் பெண் கவிஞர்களைப் பற்றி எழுதப்போறேன்னு சொன்னதும், எங்க குழு அக்கா ஒருத்தர், "அங்க பொம்பளைங்க வாயே திறக்க முடியாதும்பாங்க, இதுல கவிதை வேறயா?" என்று கேட்டார். நம்மில் எத்தனையோ பேர் வீட்டு ஆள் சவூதியிலோ துபாயிலோ வேலை பார்க்கிறார்கள். பணம் வருது, பெட்டி வருது. அந்த ஊர்ப் பெண்களைப் பற்றி மட்டும் ஒரு சேதியும் வருவதில்லை.

அந்த மண்ணில் பெண்கள் கவி சொல்வது புதுசே இல்லை. சுமார் 1,400 வருஷத்துக்கு முன்னாலேயே அல்-கன்ஸா என்ற பெண் இருந்தார். சகோதரர்கள் இரண்டு பேரைச் சண்டையில் பறிகொடுத்தவர். அவர்களுக்காக அவர் பாடிய ஒப்பாரிப் பாட்டுகள்தான் அவர் பேரை இன்றுவரை நிறுத்தியிருக்கின்றன. உக்காஸ் என்ற பெரிய சந்தையில், ஆண் கவிஞர்கள் கூடும் இடத்தில், அவரும் கவி சொன்னதாகச் சொல்வார்கள்.

ஆனால் எனக்குப் படுவது இது. செத்தவங்களுக்காகப் பெண் பாடினால் ஊர் தலையாட்டிக் கேட்கும். உயிரோடு இருக்கிறவங்களைப் பற்றி, சொந்தப் பேரில், சபையில் நின்று சொன்னால்தான் வம்பு.

பாலஸ்தீனத்தில் நாப்லுஸ் என்ற ஊரில் 1917இல் பிறந்தவர் ஃபத்வா தூகான். (இது பெயர். மார்க்கத் தீர்ப்புக்குச் சொல்கிற பத்வா வேறு.) வசதியான குடும்பம்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பையன் அவருக்கு ஒரு மல்லிகைப் பூ கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. விஷயம் வீட்டுக்குத் தெரிந்து படிப்பை நிறுத்திவிட்டார்கள், வெளியே போகவும் தடை. இன்னொரு அண்ணன் இப்ராஹிம், அவர் பேர்பெற்ற கவிஞர். அவர்தான் தங்கையை உட்காரவைத்துக் கவிதை சொல்லிக்கொடுத்தார். ஆரம்பத்தில் ஃபத்வா புனைபெயரில்தான் எழுதினார்.

1941இல் அந்த அண்ணன் இறந்துபோனார். அப்புறம் அப்பா வந்து மகளிடம், அண்ணன் எழுதின மாதிரி நாட்டு அரசியலைப் பற்றி நீயும் எழுது என்கிறார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. வாசலைத் தாண்ட விடாத அப்பா! ஆண்கள் பேசுகிற கூட்டத்தில் உட்கார விடவில்லை, வெளியுலகம் எப்படி இருக்கும் என்று காட்டவில்லை, இதில் நான் எதை வைத்து அரசியல் எழுதுவேன் என்று அவர் மனசுக்குள் குமைந்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1967 போரில் நாப்லுஸ் இஸ்ரேல் ராணுவத்தின் பிடிக்குள் போன பிறகுதான் அவர் குரல் முழுசாகப் பொதுக்கூட்டங்களில் ஒலித்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. 2003இல் காலமானார்.

அடுத்தவர் நம்ம காலத்து ஆள். சவூதியைச் சேர்ந்த ஹிஸ்ஸா ஹிலால், நாலு பிள்ளைகளுக்குத் தாய். பாலைவனத்து பதூயின் மக்கள் பேச்சு மொழியிலேயே பாடும் கவிதைக்கு நபத்தி என்று பேர். ஏட்டு அரபி இல்லை, வீட்டில் பேசுகிற அரபி. அந்தக் கவிதைக்கென்றே அபுதாபி டிவியில் 'மில்லியன் கவிஞர்' என்று ஒரு போட்டி நடக்கிறது. நடுவர்கள் மார்க் போடுவார்கள், பார்க்கிற ஜனங்கள் செல்போனில் ஓட்டுப் போடுவார்கள். நம்ம டிவி பாட்டுப் போட்டி மாதிரியேதான்.

ஹிஸ்ஸாவும் பல வருஷம் புனைபெயரில் எழுதியவர். 2010இல் அந்த மேடையில் கண் மட்டும் தெரிகிற கறுப்பு உடையில் வந்து நின்றார். மதத்தின் பேரால் கண்டபடி தீர்ப்புச் சொல்லி ஜனங்களைப் பயமுறுத்துகிறவர்களைக் கண்டித்துப் பாடினார். நேரடி ஒளிபரப்பு, பல நாட்டு மக்கள் பார்க்கிறார்கள். கொலை மிரட்டல் வந்தது. அவர் நிறுத்தவில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்த முதல் பெண் அவர்தான். மூன்றாம் இடம், பரிசு 30 லட்சம் திர்ஹாம். முகத்தை ஏன் மூடிக்கொள்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, என் வீட்டு ஆண்களை ஊர் ஏசக் கூடாது, அதற்காகத்தான் என்று பதில் சொன்னார். சிலருக்கு இந்தப் பதில் பிடிக்காமல் போகலாம். எனக்கு நல்லாப் புரிகிறது. முகம் மறைவாக இருந்தாலும் சொன்ன சொல்லில் மறைவே இல்லையே.

அவர் செய்த இன்னொரு வேலையைப் பலர் சொல்வதில்லை. பதூயின் பெண்கள் விவாகரத்தைப் பற்றியும், பெண்ணே கேட்டு வாங்குகிற குலாவைப் பற்றியும் சொன்ன பழைய பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். ஒத்துவராத புருஷனைப் பற்றி அந்தக் காலத்துப் பெண்கள் பாட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

ஹிஸ்ஸாவுக்கு மேடை கொடுத்தது டிவி. அவர் கண்டித்ததும் ஆட்சியாளரை அல்ல. அடுத்த வருஷமே பஹ்ரைனில் ஒரு பெண் மன்னரையே நேராகக் கேட்டுவிட்டார். ஆயாத் அல்-குர்மிஸி, வயது 20, ஆசிரியர் பயிற்சி மாணவி. 2011 பிப்ரவரியில் தலைநகர் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் போராட்டக் கூட்டம் திரண்டிருந்தது. அங்கே மைக் பிடித்து, மன்னரைப் பார்த்துப் பேசுவது போன்ற தன் கவிதையை வாசித்தார். மார்ச் மாதம் வீட்டுக்குள் ஆயுதத்தோடு புகுந்து அவருடைய சகோதரர்களை மிரட்டினார்கள். வேறு வழியில்லாமல் அவரே போய் ஆஜரானார். காவலில் அடித்துத் துன்புறுத்தினார்கள் என்று பின்னால் அவரே சொன்னார். ஜூனில் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. பல நாடுகளிலிருந்து கண்டனம் எழுந்த பிறகு ஜூலையில் வெளியே விட்டார்கள். அவர் கவிதை வாசித்த சதுக்கத்தில் நின்ற முத்துச் சின்னத்தை அதற்குள் அரசு இடித்துத் தள்ளியிருந்தது.