காட்டைத் தின்றது எது?

சிங்கப்பூர்த் தீவின் காடுகள் அழிந்ததற்கு ஜனப்பெருக்கமே காரணம் என்று கூறி விஷயத்தை முடித்துவிடுவோர் பலர். எல்லாவற்றையும் தலைவிதியின்மேல் போடுவதைப் போலவே இதுவும் சிந்திக்கச் சோம்பியவர்களின் விடையாகும். சரித்திரம் வேறு விதமாகச் சொல்லுகின்றது.

1819-இல் ராபிள்ஸ் வந்திறங்கியபோது தீவின் பெரும்பகுதி அடர்ந்த காடு. 1883-இல் தாவரத் தோட்டத்தின் தலைவர் நத்தானியேல் கான்ட்லி தம் அறிக்கையில், எஞ்சியிருந்த காடு நூற்றுக்கு 7 பங்கே என்று கணித்தார். அப்போது ஜனத்தொகை எவ்வளவு? 1881-ஆம் வருஷக் கணக்கின்படி சுமார் 1,40,000. இன்றோ சுமார் 60 லட்சம். குடியிருக்க இடமில்லாமல் அச்சிறு கூட்டம் காட்டையெல்லாம் வெட்டியது என்றால் யார் நம்புவர்?

வெட்டியது காம்பியர்ச் சாகுபடி. அதன் இலையைக் காய்ச்சி இறுக்கிய கட்டி, தோல் பதனிடவும் சாயந்தோய்க்கவும் உதவியது. 1830-களுக்குப்பின் பிரிட்டனில் அதற்குக் கிராக்கி ஏறிற்று. இலை காய்ச்ச அடுப்பு ஓயாது எரியவேண்டும். பயிரிட்ட நிலத்துக்கு ஏறக்குறைய ஈடான காடு விறகாயிற்று. காய்ச்சிய சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. 15, 20 வருஷங்களில் மண் சத்திழந்தது, விறகும் தீர்ந்தது. தோட்டக்காரர் அடுத்த காட்டுக்கு நகர்ந்தனர். விட்டுப்போன இடத்தில் லாலான் புல் மண்டியது. தீவில் காடு அருகவே, சாகுபடி ஜொகூருக்குப் பெயர்ந்தது.

தோட்டக் கணக்கெழுதும் நாம் ஒன்று அறிவோம். பேரேட்டில் கூலிக்கும் அரிசிக்கும் வண்டி வாடகைக்கும் பத்தி உண்டு. வெட்டிய காட்டுக்கும் சத்திழந்த மண்ணுக்கும் பத்தி கிடையாது. இலவசமாய்க் கிடைத்ததை எவரும் சிக்கனமாய்ச் செலவிடுவதில்லை. ஆகவே, கோடரி பிடித்த ஏழையைக் குற்றஞ்சாட்டுவது நீதியாகாது. காட்டின் விலையைப் பூஜ்யமென எழுதிய கணக்கே குற்றவாளி.

கான்ட்லியின் அறிக்கைக்குப் பின்னரே காப்புக்காடுகள் ஏற்பட்டன; புக்கிட் தீமா அவ்விதம் தப்பியது. பின்னர் ரப்பர் வந்தது; நம்மவர் வியர்வையால் அது செழித்தது. அதற்கும் பின்னர் நிலத்தை நகரம் கேட்டது. பாசிர் ரிஸில் கம்பத்து வீடுகளும் தோட்டங்களும் இருந்த இடத்தில் 1980-களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன, கடலோரமும் தூர்க்கப்பட்டது. ஆயினும் அங்குள்ள பூங்காவுக்குள் சுமார் 6 ஹெக்டர் கண்டற்காடு இன்றும் நிற்கின்றது. அது தானாய்த் தப்பவில்லை. அதற்கும் ஒரு மதிப்புண்டென்று கருதப்பட்டதால் தப்பியது.

வீடு கட்டவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வீடற்றவனுக்கு வீடு வேண்டும். ஆனால், திட்டம் போடுமுன் காட்டுக்கும் பேரேட்டில் ஒரு பத்தி திறக்கப்படவேண்டும். அதைத் திறக்கும்படி கேட்கும் உரிமை தோட்டத்தாருக்கும் பட்டணத்தாருக்கும் சமமாக உண்டு.