காயலோர டீசல் கார்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ரயில் என்றாலே ஊருக்குச் செல்லும் நீண்ட தொடர்வண்டிதான் நினைவுக்கு வரும். தனி எஞ்சினின்றித் தானே ஓடும் பெட்டியை நாம் எண்ணுவதில்லை. கொச்சியின் இடப்பள்ளி நிலையத்தில் நிற்கையில் அதன் நினைவு வராமற் போகாது.

இடப்பள்ளி வழியே செல்லும் ஷோரனூர்–எர்ணாகுளம் பாதை 1902இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. அதற்குப் பொருள் திரட்டக் கொச்சி மன்னர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பர். 1930களில் அது அகலப்பாதையாயிற்று. பின்னர் எர்ணாகுளத்திலிருந்து காயலைக் கடந்து வில்லிங்டன் தீவின் துறைமுக முனையம் வரை ரயில் சென்றது. சென்னையிலிருந்து கொச்சி எக்ஸ்பிரஸில் வந்தோர் இறங்கியதும் அங்கேதான்.

டீசல் கார் உலகில் புகழ் பெற்றதும் அக்காலத்திலேயே. 1933இல் ஜெர்மனியின் 'பறக்கும் ஹாம்பர்க்கர்' பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையிலுள்ள 286 கிலோமீட்டரை 138 நிமிடங்களில் கடந்தது. 1938இல் இலங்கையிலும் டீசல் தொடர்கள் ஓடத் தொடங்கின. இவ்வண்டியின் எஞ்சின் பயணிகள் பெட்டியிலேயே அமைந்திருக்கும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஆகவே முனை நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்டும் வேலையில்லை. ஓட்டுநர் மட்டும் இடம் மாறினால் போதும். குறுகிய கிளைப்பாதைக்கு இதனினும் பொருத்தமான வண்டியில்லை என்பதே நம் கருத்து.

மாதிரி ரயில் அமைப்போரும் இதனை விரும்புவது இக்காரணம் பற்றியே. 87இல் ஒரு பங்கு அளவில் செய்தால் 20 மீட்டர்ப் பெட்டி 23 சென்டிமீட்டராகச் சுருங்கும். மேசைமேல் ஒற்றைத் தண்டவாளமே போதும். மோட்டாரை இருக்கைகளுக்கிடையே தெரியாமல் ஒளித்து வைப்பதுதான் செய்பவர் திறமை. அங்கே பயணிகளுக்குப் பஞ்சமுமில்லை; வேண்டுமளவு பொம்மைகளை ஒட்டிக்கொள்ளலாம்!

துறைமுகப் பாதைக்கு அப்பேறு வாய்க்கவில்லை. பல்லாண்டுகள் பயணிகள் வண்டியின்றிக் கிடந்த அதில் 2018 செப்டம்பரில் 'டெமு' என்னும் டீசல் தொடர் விடப்பட்டது. ஏறினோர் மிகச் சிலரே, சேவை நிலைக்கவில்லை. வண்டியின்மீது குறை கூற நமக்கு மனமில்லை. நாளுக்குச் சில நடைகளே வரும் ரயிலுக்காக, அடிக்கடி வரும் பேருந்தை விட்டுவிட்டு யார் காத்திருப்பர்?

இடப்பள்ளியிலிருந்தே வல்லார்பாடத்துக்கு மற்றொரு கிளை பிரிகிறது. காயல்மீது 4.62 கிலோமீட்டர் நீளப் பாலமும் அதில் உண்டு. 2011இல் அது திறக்கப்பட்டது சரக்குப் பெட்டகங்களுக்காகவே.