டானியேலி ஓட்டல், வெனிஸ்

இத்தாலியின் வெனிஸ் நகரில், ரிவா தெல்லி ஸ்கியாவோனி நீர்க்கரையில், தோஜே (வெனிஸ் குடியரசின் தலைவர்) அரண்மனைக்கு அருகே அமைந்த பழம்பெரும் சொகுசு ஓட்டல். காதலர்களும் தேனிலவுக்கு வருவோரும் தேடும் இடமாகப் பெயர் பெற்றது.

இதன் மூத்த கட்டடம் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாந்தோலோ குடும்பம் எழுப்பிய மாளிகை. 1204இல் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றிய படையில் முன்நின்ற தோஜே என்ரிக்கோ தாந்தோலோ இக்குடும்பத்து முன்னோர். மாளிகை பின்னர் பல கைகளுக்கு மாறியது. 1630இல் மொசெனிகோ என்ற பிரபு குடும்பத்துத் திருமணத்துக்காக இத்தாலிய இசைமேதை மொன்தெவெர்தி இசையமைத்த நாடகம் ஒன்று இங்கே நடந்தது. அதன் இசை பெரும்பாலும் அழிந்துவிட்டது.

1797இல் நெப்போலியனிடம் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது. பிரபு வம்சங்கள் நொடித்துப்போக, மாளிகைகள் வாடகைக்கும் விலைக்கும் வந்தன. ஜுசெப்பே தல் நியெல் என்பவர் 1822இல் இந்த மாளிகையின் ஒரு தளத்தை வாடகைக்கு எடுத்து விடுதி தொடங்கினார். சில ஆண்டுகளில் கட்டடத்தையே வாங்கினார். டானியேலி என்பது ஊரார் அவரை அழைத்த பெயர்.

ஓட்டலின் காதல் புகழுக்கு அடிப்படை, கசப்பில் முடிந்த ஒரு காதல். 1833 டிசம்பர் இறுதியில் பிரெஞ்சு நாவலாசிரியை ஜார்ஜ் சாண்டும் கவிஞர் ஆல்ஃபிரெட் தெ முஸேயும் வெனிஸ் வந்து இங்கே தங்கினர். முதலில் சாண்டுக்கு உடல்நலம் கெட்டது. அடுத்து முஸே கடும் காய்ச்சலில் விழுந்து பிதற்றினார். வைத்தியம் பார்க்க வந்த இளம் மருத்துவர் பியெத்ரோ பகெல்லோவிடம் சாண்ட் மனத்தைப் பறிகொடுத்தார். மார்ச் இறுதியில் முஸே சாண்டை விட்டுவிட்டுப் பாரிஸ் திரும்பினார். கோடையில் சாண்டும் பகெல்லோவுடன் பாரிஸ் போனார். அந்த உறவும் நிலைக்கவில்லை. முஸே 1836இல் இதை நாவலாக்கினார். அவர் இறந்தபின், 1859இல், சாண்ட் தன் தரப்பை எழுத, முஸேயின் அண்ணன் அதே ஆண்டில் எதிர்நாவல் ஒன்றை வெளியிட்டார். ஓட்டலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறு வாய்த்திருக்காது.

ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849–50 குளிர்காலத்தில் மனைவி எஃபியுடன் இங்கே தங்கி, வெனிஸ் கட்டடக்கலை பற்றிய தம் பெருநூலுக்காகக் கல் கல்லாக அளந்து குறிப்பெடுத்தார். எஃபி ஊரின் விருந்துகளுக்குப் போய்வந்தார். 1854இல் அந்த மணம் சட்டப்படி செல்லாததாக்கப்பட்டது. காதலர் விடுதி என்ற பட்டத்துக்கு வரலாறு அவ்வளவாக ஒத்துழைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பழைய முற்றத்தின் மேல் கூரை போட்டு உருவாக்கிய கூடமும், அதன் படிக்கட்டும்தான் வருவோரை நிறுத்திப் பார்க்க வைப்பவை. 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று பின்னர் இதனுடன் இணைந்தது. 1948இல் பக்கத்தில் எழுந்த நவீனக் கட்டடம் அக்காலத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதன் முகப்பைப் பார்த்தால் எதிர்ப்பில் நியாயம் இருந்தது தெரியும். அறை தேடுவோர் ஓட்டலின் பெயரை மட்டும் நம்பாமல், எந்தக் கட்டடம், சன்னல் நீர்க்கரையைப் பார்க்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்வது நல்லது.