கல்லை உடைத்த மழைத்துளி

கல்லடைப்பு! சேலம், நாமக்கல் சமவெளியிலே இந்தச் சொல்லைக் கேளாத வீடு குறைவு. விலாவிலே கிளம்பி அடிவயிற்றிலே பாயும் வலி. உரலைத் தூக்கும் ஆடவனையும் தரையிலே புரள வைக்கும் வலி. புரண்டவனைப் பார்த்து, முன்வினை என்றார் ஒருவர்; தெய்வக் குற்றம் என்றார் மற்றொருவர்; தாயத்துக் கட்டு என்றார் இன்னொருவர். கல் எங்கே இருக்கிறது, எப்படி வந்தது என்று மட்டும் எவரும் கேட்டாரில்லை.

எகிப்து நாட்டின் எல் அம்ராவில், பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடைய உடலொன்றிலே 1901-இல் கல்லைக் கண்டெடுத்தனர். நம் ஊர் வினைக்கணக்கு நைல் நதிக்கரை வரையில் எழுதப்பட்டிருந்ததோ? வினை பேசுவோர் விளக்கட்டும்!

கல்லைத் தேடிச் சென்றவர்களின் வரலாறு குருதி தோய்ந்தது. சுசுருத சங்கிதை கீறிக் கல்லெடுக்கும் முறையைக் கூறுகிறது. ஆனால் முதலில் அரசனின் இசைவைப் பெறு என்கிறது. நோயாளி இறந்தால் மருத்துவனின் தலை தப்ப வேண்டுமல்லவா! இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியோ, கல்லுக்காகக் கத்தி எடுக்க மருத்துவனுக்குத் தடையே விதித்தது. 1658-இல் இலண்டன் நகரத்துச் சாமுவேல் பீப்ஸ், மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், கத்திக்கு உடலைக் கொடுத்துப் பிழைத்தார். பிழைத்த நாளை ஆண்டுதோறும் விருந்து வைத்துக் கொண்டாடினார். பிழைப்பது அத்துணை அரிது!

1824-இல் பாரிசிலே சிவியேல் என்பார், கீறாமலே கருவியை உட்செலுத்திக் கல்லை நொறுக்கிக் காட்டினார். சிறுவர்க்கு இம்முறை ஆகாது என்று மேனாட்டார் தயங்கினர். 1880-களில் இந்தூரில் பணியாற்றிய கீகன் என்ற மருத்துவர், ஆகும் என்று செய்தே காட்டினார்.

இவையெல்லாம் சிறுநீர்ப்பையிலே கிடந்த கல்லைப் பற்றியவை. சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் சிறுநீர்க் குழாயின் கதை வேறு. ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த நீளம். 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலம். அங்கே ஒரு கல் சிக்கினால் காண்பது எப்படி? 1896-இல் கிளாசுகோவில் மக்கின்டயர், எக்ஸ்ரே கொண்டு சிறுநீரகக் கல்லைப் படம் பிடித்தபின் காணும் வழி பிறந்தது. எடுக்கும் வழி? பெரிய கல் இறங்க மறுத்தால், பெரும்பாலும் உடலைத் திறக்கும் கத்திதான்.

கத்தியை ஓய்வு கொள்ளச் செய்தது எது? மழைத்துளி!

செருமனியில் போடன் ஏரிக்கரையிலே டோர்னியர் என்னும் விமான நிறுவனம். ஒலியினும் விரைந்து பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் உலோகமே குழி விழுகிறதே, ஏன் என்று அங்கிருந்த பொறியியலார் ஆராய்ந்தனர். மோதலிலே பிறக்கும் அதிர்வலைதான் காரணம் எனக் கண்டனர். 1960-களில் ஒரு நாள், விரைகுண்டு பாய்ந்த கணத்திலே இலக்கைத் தொட்டிருந்த ஒருவர், மின்சாரம் தாக்கியது போல் உணர்ந்தார். அளந்து பார்த்தனர்; மின்சாரம் இல்லை. நம்மவராக இருந்திருந்தால் பேய் என்று வேப்பிலை தேடியிருப்பர்! அவர்களோ, அதிர்வலை மனித உடலுக்குள் ஊடுருவுகிறது என்ற முடிவுக்கு வந்தனர். ஊடுருவும் அலை உள்ளேயிருக்கும் கல்லை உடைக்காதா?

மூனிச் நகர மருத்துவர்கள் கைகோத்தனர். மனிதக் கல்லை நாயின் சிறுநீரகத்தில் வைத்துச் சோதித்தனர். 1980 பிப்ரவரி 7 அன்று, கிறித்தியன் சௌசியும் அவர் குழுவினரும் முதல் நோயாளியை நீர்த்தொட்டியிலே அமர்த்தினர். தொட்டியின் அடியிலே முட்டை வடிவின் பாதி போன்ற ஒரு கிண்ணம். அதன் ஒரு குவியத்தில் நீருக்கடியிலே மின்பொறி வெடிக்கும். மறு குவியத்திலே கல் இருக்கும்படி, எக்ஸ்ரே கொண்டு உடலை நகர்த்தி வைப்பர். தசையும் ஏறத்தாழ நீரைப் போன்றதே. ஆதலால் அலை அதைக் கடந்து செல்கிறது. கல்லிலே முட்டியதும் சீறுகிறது. நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்துக்கும் மேலாக அடி. கல் மணலாகிச் சிறுநீரோடு வெளியேறுகிறது.

சிறுநீர்க் குழாயில் சிக்கிய கல் மட்டும் முரண்டு பிடித்தது. சுற்றிலும் நீருக்கு இடமின்றி இறுகிக் கிடப்பதால் எளிதில் சிதறவில்லை. கல்லை மேலே சிறுநீரகத்துக்கே தள்ளி, அங்கே வைத்து அடித்தனர். இடுப்பெலும்பு மறைத்த கல்லுக்கு, நோயாளியைக் குப்புறக் கிடத்தினர். உடைந்த துண்டுகள் குழாயிலே வரிசையாக நின்று அடைத்துக்கொள்வதும் உண்டு. அதற்குக் கல் தெரு என்று செருமானியர் பெயரிட்டனர்! கருவுற்றோர்க்கும் குருதி உறையாதோர்க்கும் இம்முறை ஆகாது. இன்று தொட்டி மறைந்து, சிறு நீர்மெத்தை வந்துவிட்டது. பல இடங்களில் நுண்குழாய் செலுத்தி, லேசர் ஒளியால் உடைக்கும் முறையும் முந்திக்கொண்டிருக்கிறது. சிறு கல்லோ, பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

உடைத்தாயிற்று, மீண்டும் வராதா? வரும்! கல் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்க்குப் பத்தாண்டுக்குள் மறுபடி வரும் என்பர். ஊரார் போர்க்கிணற்று உப்புநீரைப் பழிப்பர். குடித்த நீரினும் குடியாத நீரே பெருங்குற்றவாளி. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குக் குடி என்கிறது மருத்துவம். யாருக்குச் சொல்கிறது? திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு, அயல் மாநிலத்து வெயிலிலே பாறை துளைக்கும் ரிக் தொழிலாளிக்கா? எஞ்சின் சூட்டிலே நாளெல்லாம் வேகும் நாமக்கல் லாரி ஓட்டுநருக்கா? பள்ளிபாளையத்தில் தறியை விட்டு நகர முடியாத நெசவாளிக்கா? தாகத்தை அடக்கியே கூலி வாங்குபவர்கள் இவர்கள். அதிர்வலைப் பொறியின் வாயிலுக்கு வரிசையில் வருபவர்களும் இவர்களே.

நாம் பாடம் நடத்தும் பள்ளியிலே, கோடை மாதத்தில்கூட மாணவியர் காலை முதல் மாலை வரை நீர் அருந்துவதில்லை. தாகமில்லையா என்று கேட்டால் தலை குனிகின்றனர். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை; குழாயிலே நீரும் இல்லை. தாழ்ப்பாளின் விலையைக் கடைவீதியிலே கேட்டு வந்து, தலைமையாசிரியரின் மேசை மீது வைத்திருக்கிறோம்.